ஆலைக்காரரின் கணக்கு

1828இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஒரு கணித நூல் வெளியானது. எழுதிய ஜார்ஜ் கிரீன், காற்றாலையில் மாவரைக்கும் தொழிலில் இருந்தவர். பள்ளி சென்றது ஓராண்டு அளவே. முன்பதிவு செய்து வாங்கியவர்கள் 51 பேர். மின்னழுத்தம் என்ற கருத்து பொதுவான கணித முறையாக உருப்பெற்றது அந்த நூலில்தான்.

மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையின் விதியை 1785இலேயே இயற்பியலாளர் கூலூம் சொல்லிவிட்டார். ஆனால் விசைக்குத் திசை உண்டு. மின்னூட்டங்கள் கூடக்கூட, ஒவ்வொன்றின் திசையையும் பார்த்துக் கூட்டுவது பெரும்பாடு. மின்னழுத்தத்துக்குத் திசை இல்லை. ஓரலகு நேர்மின்னூட்டத்தை முடிவிலாத் தொலைவிலிருந்து ஓர் இடத்துக்குக் கொண்டுவரச் செய்யும் வேலையே அவ்விடத்தின் மின்னழுத்தம். எந்த வழியில் கொண்டுவந்தாலும் வேலை ஒன்றுதான். எனவே எண்களைக் கூட்டினால் போதும்.

ஒரு மைக்ரோகூலூம் அளவுள்ள இரு நேர்மின்னூட்டங்களை 2 மீட்டர் இடைவெளியில் வைப்போம். நட்டநடுவில் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்ய, மின்புலம், அதாவது ஓரலகு மின்னூட்டத்தின் மீதான விசை, சுழி. மின்னழுத்தமோ சுமார் 18,000 வோல்ட். ஒன்றை எதிர்மின்னூட்டமாக மாற்றினால் நிலைமை தலைகீழ்: அழுத்தம் சுழி, புலம் இருக்கிறது. காரணம், அழுத்தம் எவ்வளவு என்பதல்ல, இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே புலத்தைத் தீர்மானிக்கிறது.

நூலை வாங்கியவர்களில் ஒருவரான எட்வர்ட் பிராம்ஹெட்டின் ஊக்கத்தால் கிரீன் நாற்பது வயதில் கேம்பிரிட்ஜில் மாணவரானார், 1841இல் இறந்தார். 1845இல்தான் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் கையில் நூல் கிடைத்தது. அவர் முயற்சியால் 1850 முதல் ஜெர்மானிய ஆய்விதழ் ஒன்றில் மறுபதிப்பானது.

இந்தத் தாமதத்தைப் புறக்கணிப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தக் கணக்குக்கு அன்று தொழிலில் வேலை இல்லை. தந்தியும் கடலடிக் கம்பிகளும் பரவிய பிறகுதான், கம்பியின் இரு முனைகளுக்கு இடையிலான அழுத்த வேறுபாட்டை அளக்கும் தேவை பெருகியது. 1881இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு வோல்ட்டை அலகாக ஏற்றது.

'இதனால் என்ன பயன்?' என்று 1828இல் கேட்டிருந்தால், தந்தியையோ மின்நிலையத்தையோ கிரீனால் காட்டியிருக்க முடியாது. நூலுக்கும் அலகுக்கும் இடையே ஓடியவை 53 ஆண்டுகள். அடிப்படை ஆய்வுக்கு நிதி ஒதுக்கிவிட்டு மூன்றாண்டில் பலன் கேட்பவர்கள், இந்தக் காத்திருப்பையும் செலவுக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.