பதினோரு மணி டிபன்

செவ்வாய், கிருத்திகை கூட்டத்தைத் தவிர்த்து, வாரத்தில் ஒருநாள் நானும் வீட்டுக்காரியும் ஆட்டோவில் மலைக்குப் போகிறோம். 365 படி ஏறும் காலம் போய்விட்டது. இறங்கியதும் பதினோரு மணிக்கு ஓட்டல் டிபன். "இந்த வயசிலே ஓட்டல் எதுக்கு?" என்கிறார்கள். நாற்பத்தாறு வருஷம் எனக்குப் பரிமாறிவிட்டுப் பிறகே சாப்பிட்டவள், அங்கேதான் என்னோடு ஒரே நேரத்தில் சாப்பிடுகிறாள். அதுவும் பொங்கல் ஆறுவதற்குள்!

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த புதுச்சேரியில், புருஷனும் பெண்சாதியும் ரெஸ்டாரண்டில் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் பீர் குடித்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். அந்த பாருக்குள் பெண்சாதியோடு நுழைய முடியுமா? முருகன் ஊர், பார் வேண்டாம், சரி. ஆனால் ஓட்டல்காரர்களே, டோக்கன் வாங்கி நின்றபடி சாப்பிடும் மேடைகளையே பெருக்காதீர்கள். எங்கள் முழங்காலுக்கு இரண்டு நாற்காலி போடுங்கள்.