விதைக்கு நீல அட்டை உண்டு, டயட் சார்ட்டுக்கு?

சம்பா விதைப்புக்கு முன்னால் மன்னார்குடியிலோ ஒரத்தநாட்டிலோ விதைநெல் வாங்கப் போகும் விவசாயி முதலில் பார்ப்பது மூட்டையின் வாயில் தைத்திருக்கும் அட்டையைத்தான். நீல அட்டை என்றால் சான்று விதை, வெள்ளை என்றால் ஆதார விதை. ரகம், குவியல் எண், முளைப்புத்திறன், எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நெல்லின் முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் சான்று கிடையாது. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் தந்த அதிகாரத்தில் விதை ஆய்வாளர் கடைக்குள் வந்து மாதிரி எடுத்துப் போகலாம். பூச்சிமருந்துக் கடைக்கு உரிமம் வாங்கவும் படிப்பு கேட்கிறார்கள். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே ஈரப்பத மீட்டர் காத்திருக்கும்; 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூட்டை களத்திலேயே நிற்கும். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அளவைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்கு மனு போகும், மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும்.

இத்தனை கண்களைத் தாண்டி வந்த நெல் அரிசியாகி, சோறாகி, இலையில் விழுகிறது. சாப்பிட உட்கார்ந்தவருக்குச் சர்க்கரை நோய். எத்தனை கரண்டி போடலாம்? அதைச் சொல்பவரிடம் மட்டும் யாரும் எந்த அட்டையும் கேட்பதில்லை. ஒரு மாடி அறை, ஒரு எடை மிஷின், 'டயட்டீஷியன்' என்று ஒரு பலகை இருந்தால் போதும், தொழில் தொடங்கிவிடலாம். பலகைகூட வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் குழுவே போதும் என்ற நிலைக்கும் வந்துவிட்டோம். பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் உணவியல் படித்து, மருத்துவமனையில் பயிற்சி முடித்த பெண்ணும், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும், சத்துமாவு டப்பா விற்கும் முகவரும் மக்கள் கண்ணில் ஒரே பெயரில்தான் நிற்கிறார்கள்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒரு சட்டத்தை நிறைவேற்றின. இணை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் என்பது அதன் நீண்ட பெயர். பிசியோதெரபிஸ்ட், லேப் டெக்னீஷியன், கண்பார்வை பரிசோதகர் என 56 வகைத் தொழிலர்களை அது ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. டயட்டீஷியனும் நியூட்ரிஷனிஸ்ட்டும் அதில் இருக்கிறார்கள். சுகாதார வல்லுநர் என்ற தகுதிக்கு மூன்றிலிருந்து ஆறு ஆண்டுகளுக்குள் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு கொண்ட பட்டம் வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் ஒரு மன்றம் அமைத்து, தகுதி உள்ளவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதிவு பெற்றவர் என்று பொய் சொன்னால் முதல் முறை 50,000 ரூபாய் வரை அபராதம்; திரும்பச் செய்தால் சிறைக்கும் இடமுண்டு.

இந்தச் சட்டத்தில் பாராட்ட வேண்டிய அம்சம், இரண்டு பெயர்களையும் அது ஒன்றாகக் கட்டியது. பிரிட்டனில் டயட்டீஷியன் என்ற பட்டம் சட்டத்தின் காவலில் இருக்கிறது. பதிவு இல்லாதவர் அதைப் பயன்படுத்தினால் குற்றம். நியூட்ரிஷனிஸ்ட் என்ற பெயரையோ யாரும் போட்டுக்கொள்ளலாம். அந்த ஓட்டையை இந்தியச் சட்டம் விட்டுவைக்கவில்லை. நம் மக்கள் நிறைய வாழும் மலேசியாவும் தன் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருவரையுமே பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஆனால் ஏட்டில் இருப்பது வாசலுக்கு வரத் தாமதமாகிறது. மாநில மன்றங்களை அமைக்கச் சட்டம் தந்த அவகாசம் ஆறு மாதம். மூன்று ஆண்டு கழித்தும் வேலை நடக்கவில்லை என்று வழக்குப் போய், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மத்திய அரசும் மாநிலங்களும் இரண்டு மாதத்துக்குள் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு வைத்தது. அதற்குப் பிறகு சில காரியங்கள் நகர்ந்தன. 2025 ஏப்ரலில் பத்துத் தொழில்களுக்கான புதிய பாடத்திட்டம் வந்தது. ஊட்டச்சத்து மற்றும் உணவியல் அதில் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு, உணவு ஊட்டச்சத்து, மருத்துவ உணவியல் போன்ற பாடங்களைத் தபால் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தத் தடை போட்டது. சரியான முடிவு. நோயாளியின் கட்டிலருகே நிற்காமல் இந்த வேலையைக் கற்க முடியாது.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். நல்ல டயட்டீஷியன் முதலில் பேசுவதில்லை, கேட்கிறார். "நேத்து காலையில எழுந்ததுலேருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்கம்மா?" எதிரே இருப்பவர் நடவு வேலைக்குப் போகும் அம்மா. "என்னத்தைச் சாப்பிட்டேன், ரெண்டு வாய் சோறுதான்" என்கிறார். டயட்டீஷியன் மேஜையில் இருக்கும் கிண்ணங்களை எடுத்து வைக்கிறார்: இதுவா, இதுவா? கை பெரிய கிண்ணத்தைக் காட்டுகிறது. அதில் ஒன்றா இரண்டா? காப்பிக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்? வரப்பில் டீ வந்ததா, அதோடு வடையா பன்னா? காலையில் மாத்திரை போட்டது எத்தனை மணிக்கு, பழையது குடித்தது எத்தனை மணிக்கு? கடைசிக் கேள்வியில்தான் விஷயம் பிடிபடுகிறது. விடிவதற்குள் மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு சேற்றில் இறங்கி, பத்து மணிக்குக் கை நடுங்கி வியர்த்துக்கொட்டுகிறது. இவருக்குத் தேவை சோற்றைக் குறைக்கும் அட்டவணை அல்ல. மாத்திரையையும் சாப்பாட்டையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவருவது. அதற்கு மருத்துவரிடம் பேச வேண்டும், மருந்தின் குணம் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் அச்சடித்த சார்ட் இந்த அம்மாவிடம் எதையும் கேட்பதில்லை.

சிறுநீரக நோயில் இது உயிர் விஷயமாகவே ஆகிவிடும். வாழைத்தண்டும் இளநீரும் கீரையும் நல்லவை என்று டெல்டாவில் எந்த வீட்டிலும் சொல்வார்கள். உடல் நலமாக இருப்பவருக்கு அது சரிதான். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவருக்கு இவற்றில் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்துடிப்பையே நிறுத்தக்கூடும். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்லித் தருவது உணவியல் படித்தவர் வேலை. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதிலும் பெரும்பாலும் பொட்டாசியம்தான் கலந்திருக்கும். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அந்த உப்பைப் பரிந்துரைத்தபோதே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விலக்கித்தான் சொன்னது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் திடீரென்று தினமும் கீரை ஜூஸ் குடிக்கத் தொடங்கினால் மருந்தின் வேலை கெடும். கேழ்வரகுக் கூழ் சர்க்கரைக்கு நல்லது என்று டம்ளர் டம்ளராகக் குடிப்பவருக்கு, நைசாக அரைத்த மாவின் கூழ் சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்று யாராவது சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் இது கொஞ்சம் பேரின் பிரச்சினை இல்லை. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (INDIAB) ஆய்வின்படி இங்கே பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்; நாட்டின் சராசரி 11.4. ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று, நகரத்து மக்களின் உடலுக்குக் கிடைக்கும் கலோரியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்து வருவதாகக் கண்டது. நெல் விளையும் ஊரில் நிலைமை என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அரிசிக்கும் ஊட்டச்சத்து அறிவியலுக்கும் இங்கே பழைய உறவு உண்டு. 1918இல் ராபர்ட் மெக்கரிசன் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் தொடங்கிய ஆராய்ச்சி பெரிபெரி நோயைப் பற்றியது. தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் அந்த நோய் ஆட்களை முடக்கியது. புழுங்கல் அரிசி உண்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பின. நெல்லை அவிக்கும்போது தவிட்டுப் பக்கமிருந்த தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பதுதான் காரணம். நெல் அவித்த தஞ்சைப் பாட்டிகளுக்குத் தயமின் தெரியாது, ஆனால் அவர்கள் செய்தது பலித்தது. அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அதை நடத்திப் பெரிதாக்கிய சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் முளைத்த பதப்படுத்தும் ஆராய்ச்சிதான் தஞ்சாவூருக்கு வந்து, 2021 முதல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாக நிற்கிறது. நெல்லை விளைவிக்கவும் அரைக்கவும் இவ்வளவு அறிவு சேர்ந்த ஊரில், அதை எப்படிச் சாப்பிடுவது என்று நோயாளிக்குச் சொல்லும் ஆளைச் சோதிக்க மட்டும் நூறு ஆண்டுகளாக ஏற்பாடு இல்லாமல் போனது வருத்தமான விஷயம்.

பாரம்பரிய நெல்லைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, மறைந்த நெல் ஜெயராமன் மீட்டுக் கொடுத்த ரகங்கள் டெல்டாவின் சொத்து. மாப்பிள்ளை சம்பாவும் கருப்பு கவுனியும் நார்ச்சத்து மிகுந்தவை, சாப்பிட வேண்டியவை என்பதில் சந்தேகமில்லை. கேடு, பையின் மேல் ஒட்டும் 'சர்க்கரையைக் குணப்படுத்தும்' என்ற சீட்டில் இருக்கிறது. கவுனியும் அரிசிதான், அளவு மீறினால் சர்க்கரை ஏறும். அதை நம்பி ஒருவர் இன்சுலினை நிறுத்தினால், அதுவும் முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு நிறுத்தினால், ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்லக் கூடாது என்று 2018இன் உணவுப் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. பதிவேடு வந்தால் விற்பவர் வேறு, ஆலோசனை சொல்பவர் வேறு என்ற வேறுபாடும் மக்களுக்குத் தெளிவாகும்.

உரிமம் என்று வந்தால் பாட்டி வைத்தியம் சொல்வதும் குற்றமாகிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் ப்ளோரிடாவில் உரிமம் இல்லாமல் கட்டணம் வாங்கி உணவு ஆலோசனை தந்த ஒருவருக்கு மாநிலம் அபராதம் விதித்தது. இது என் பேச்சுரிமை என்று அவர் வழக்குப் போட்டார். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் 2020இலேயே ப்ளோரிடா தன் சட்டத்தை இளக்கிவிட்டிருந்தது: டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்ளாமல், நோய்க்காக மருத்துவர் கவனிப்பில் உணவுச் சிகிச்சை பெறுபவரைத் தொடாமல், பிறருக்கு யாரும் உணவைப் பற்றிச் சொல்லலாம். தமிழ்நாடு எடுத்துக்கொள்ள வேண்டிய எல்லைக்கோடு இதுதான். வெந்தயக் கஞ்சி வைக்கச் சொல்லும் அத்தையையும் கூழ் ஊற்றும் கோயிலையும் எந்த மன்றமும் தொட வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு, நோயாளிக்கு, நிபுணர் என்ற பெயரில் சொல்பவர் மட்டும் பதிவேட்டில் இருக்கட்டும்.

அரசு செய்ய வேண்டியது தெளிவு. பதிவேட்டைத் தமிழில், கைப்பேசியில் பெயர் தட்டினால் தெரியும்படி வெளியிட வேண்டும். பதிவு பெற்றவர்களைத் தாலுகா மருத்துவமனை வரை பணியில் அமர்த்த வேண்டும். அப்போது, வீடு தேடிப் போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையைக் கொடுப்பதோடு நிற்காமல், சோற்றின் அளவையும் பேச வழி பிறக்கும்.

அதுவரை வாசகர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள்? எந்த மருத்துவமனையில் பயிற்சி எடுத்தீர்கள்? இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வெழுதி ஆர்.டி. என்ற பதிவு வாங்கியிருக்கிறீர்களா? அந்தப் பதிவு சட்டக் கட்டாயம் இல்லை, ஆனாலும் முதுநிலைப் படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தவர்தான் அந்தத் தேர்வை எழுத முடியும். பதில் சொல்லத் தயங்குபவரிடம் பணம் கட்டாதீர்கள். மருந்தை நிறுத்துங்கள் என்று சொல்பவரிடமிருந்து உடனே எழுந்து வந்து, உங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.