தலை சுற்றும்போது தலைகீழாக நிற்கலாமா?

சென்ற ஆண்டு ஒரு நாள் விடியற்காலை. படுக்கையில் வலப்பக்கம் புரண்ட எங்கள் பெரியம்மா, "ஐயோ, வீடே சுற்றுதடி! என்னைப் பிடி!" என்று அலறினாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். கட்டில் சட்டத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டிருந்தாள். அரை நிமிஷத்தில் சுற்றல் நின்றுவிட்டது. ஆனால் உடம்பெல்லாம் வேர்வை, குமட்டல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பயம்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு பெயர் எப்போதும் தயாராக இருக்குமே - பித்தம்! இஞ்சிச் சாறு வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, எதிர்வீட்டு அம்மாள் சுக்குக் கஷாயத்துடன் வந்தாள். தலைசுற்றல் மட்டும் போகவில்லை. வலப்பக்கம் புரண்டால் சுற்றியது. பரண்மேல் இருக்கும் டப்பாவை நிமிர்ந்து பார்த்தாலும் சுற்றியது.

மூன்றாம் நாள் என் அண்ணன் பையன் வைத்தியனாகிவிட்டான். "பாட்டி, யோகாசனம் செய்தால் எல்லாம் சரியாய்ப் போகும்" என்று கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பாயில் படுத்துச் சர்வாங்காசனத்துக்குக் காலைத் தூக்கினாளோ இல்லையோ, அறை பம்பரமாகச் சுழன்றது. "உன் யோகமும் வேண்டாம், க்ஷேமமும் வேண்டாம்!" என்று பாயைச் சுருட்டிவிட்டாள் பெரியம்மா.

அதோடு தன்னையும் சுருட்டிக்கொண்டாள். மொட்டை மாடிக்கு வடாம் காயவைக்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமைக் கோயிலும் நின்றுவிட்டது. "பிரகாரத்தில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் உங்களுக்குத்தானே கஷ்டம்?" என்றாள். தலை சுற்றியது அரை நிமிஷம். பயமோ நாள் முழுவதும்.

எங்கள் குடும்ப டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போகச் சொன்னார். "தலை சுற்றினால் காதைப் பார்ப்பானேன்?" என்று பெரியம்மாவுக்குச் சந்தேகம். எனக்கும்தான்!

அந்த டாக்டர் சொன்ன விளக்கம் சுவாரஸ்யமானது. உட்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மூளைக்குச் சொல்வது அவைதாம். பக்கத்து அறையில் கோலப்பொடியைவிட நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதானாலோ தலையில் அடிபட்டாலோ சில துகள்கள் பிரிந்து குழாய்க்குள் போய்விடும். பல சமயங்களில் காரணமே தெரியாது. தலையை அசைத்ததும் துகள்கள் உருண்டு திரவத்தைக் கலக்கும். "தலை சுழல்கிறது" என்று காது சொல்லும். "இல்லையே" என்று கண் சொல்லும். இந்த வழக்கில் அகப்பட்டுக்கொண்டு மூளை தவிக்கும்!

டாக்டர் பெரியம்மாவின் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்து, கண்மணிகள் துடிப்பதைக் கவனித்தார். லண்டனில் மார்கரெட் டிக்ஸ் என்ற பெண் டாக்டரும் ஹால்பைக் என்பவரும் 1952-ல் வெளியிட்ட சோதனை இது. பிறகு தலையை ஒவ்வொரு நிலையாகத் திருப்பி, துகள்களைப் பழைய இடத்துக்கே உருட்டிவிட்டார். அமெரிக்காவில் ஜான் எப்ளி என்ற டாக்டர் கண்டுபிடித்து 1992-ல் விவரித்த முறையாம். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. சில நிமிஷங்களில் முடிந்தது. "மறுபடி வந்தாலும் வரலாம். வந்தால் இதையே செய்துவிடலாம்" என்றார்.

"அப்படியானால் யோகாசனம் வீண்தானா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"துகளை அது நகர்த்தாது. ஆனால் சில வாரங்களுக்கு நடை தள்ளாடும், பயம் இருக்கும். அதற்கு நல்ல துணை. தலைகீழாக மட்டும் நிற்க வேண்டாம்!"

சகோதரிகளே, நாம் தவறு செய்யும் இடம் இதுதான். தலைசுற்றல் என்று ஒரே வியாதி கிடையாது. சட்டென்று எழுந்ததும் கண் இருண்டால் அது ரத்த அழுத்தத்தாலோ, தண்ணீர் போதாமலோ இருக்கலாம். ரத்தசோகையில் வரும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு விரதம் இருந்தாலும் வரும். எது என்று தெரியாமல் ஆசனத்தைத் தொடங்குவது, பூட்டைப் பார்க்காமல் சாவி செய்வது போல.

தலைசுற்றலோடு பேச்சுக் குழறினால், முகம் கோணினால், கைகால் வலுவிழந்தால், ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாமற் போனால் யோகமும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

பெரியம்மாவுக்கு ஒரு யோக ஆசிரியை கிடைத்தார். சென்னையில் பல ஆண்டுகள் வாழ்ந்து 1989-ல் மறைந்த டி. கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றிக் கற்பித்தவர். அந்த வழியைப் பின்பற்றும் ஆசிரியை முதல் வாரம் பெரியம்மாவைப் பாயிலேயே விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் இரண்டையும் தரையில் பதித்து, மூச்சை அடக்காமல் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடவேண்டும். அவ்வளவுதான்.

பிறகு கட்டைவிரலைக் கண்ணெதிரே நீட்டி, பார்வையை அதிலேயே நிறுத்தித் தலையை மட்டும் இட வலமாக மெல்லத் திருப்பும் பயிற்சி. காதுக்கும் கண்ணுக்கும் நடக்கும் வழக்கில் சமரசம் செய்துவைப்பது இதுதான்.

மூன்றாவதாகத் தாடாசனம். சுவருக்கு முதுகு காட்டி, பாதங்களைச் சற்று அகட்டி நிமிர்ந்து நிற்பது. அது பழகிய பின் விருட்சாசனம். மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில் தவம் செய்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவரைப் போலவே நிற்கும் பூனையையும் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். பெரியம்மா அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரு கை சுவரில். மற்றக் காலின் குதிகால் கணுக்காலில் சாய்ந்திருக்க, விரல்நுனி தரையில். எதிரே காலண்டரில் பார்வை. பத்து எண்ணும்வரை நின்றால் போதும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும்.

முடிவில் தலையணை வைத்துச் சவாசனம். எழுந்திருக்கும்போது பக்கவாட்டில் திரும்பி, ஒரு நிமிஷம் உட்கார்ந்து, அப்புறம்தான் நிற்பது. சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், தலையைப் பின்னால் தொங்கவிடும் ஆசனங்கள், வேகமான மூச்சுப் பயிற்சிகள் ஆகியவற்றுக்கு ஆசிரியை தடை போட்டுவிட்டார்.

ஆறு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. "கோயிலுக்குப் போகலாமாடி?" என்றாள் பெரியம்மா, தானாகவே. வாசலில் நின்று, கோபுரத்தைத் தரிசிக்கத் தலையை நிமிர்த்தினாள். எனக்குத்தான் திக்கென்றது! சட்டென்று அவள் தோளைப் பிடித்தேன்.

"கையை எடு" என்றாள். "பத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்."