டயர் நிரபராதி

பழைய பிக்-அப் வண்டியை 4 அங்குலம் உயர்த்திக் கட்டிப் பெரிய டயர் மாட்டுவது அமெரிக்காவில் பலருக்கு மோகம். அதன்பின் வேகமெடுத்தால் வண்டியே உதறும். பழி டயர் மீது விழும். பேலன்சிங்குக்குக் காசு அழுதும் உதறல் நிற்காது.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு விதமாகவும், காலை எடுத்தால் வேறு விதமாகவும் உதறுகிறதா? பார்க்க வேண்டியது புரொப்பல்லர் ஷாஃப்டை. வண்டி உயர்ந்ததில் அதன் சரிவு கூடியிருக்கும். இரு முனைகளிலும் உள்ள கிராஸ் ஜாயிண்டுகளின் கோணம் சமமாக இல்லாவிட்டால், ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு உலுக்கல். கோணத்தை அளந்து, பின் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு செருகினால் பெரும்பாலும் தீரும், செலவும் குறைவு. (டயர் கடையில் இதை எதிர்பார்க்க முடியாது.)

கவனிக்காமல் விட்டால் கிராஸ் ஒருநாள் முறியலாம். முன்முனை கழன்ற ஷாஃப்ட், ஓடும் வண்டியின் அடியில் தார்ச்சாலையைக் குத்தும்.