கதவருகே நின்றவனும் குற்றவாளியா?

சென்ற மாதம் விடுமுறைக்கு வீடு திரும்பியிருந்தேன். படிவம் 5இல் பயிலும் என் தம்பி, கூட்டுப் பாலியல் வல்லுறவு வழக்கு ஒன்றைப் பற்றிய செய்தியைக் கைப்பேசியில் படித்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, தப்புப் பண்ணது ஒருத்தன்தானே? மத்தவங்க சும்மா கூட நின்னாங்க. அவங்கள எதுக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க?"

"எல்லாருமே குற்றவாளிதான்" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முதலாமாண்டுச் சட்ட வகுப்பில் நான் இதே பதிலைச் சொன்னபோது, விரிவுரையாளர் "ஒவ்வொருவரும் என்ன செய்தார்? அதற்கு ஆதாரம் என்ன?" என்று திருப்பிக் கேட்டதும், நான் பதில் தெரியாமல் விழித்ததும் நினைவுக்கு வந்தன. தம்பி சொன்னதும் தவறு. நான் சொல்ல நினைத்ததும் முழுமையாகச் சரியில்லை.

நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 34ஆவது பிரிவு ஓர் அடிப்படை விதியைச் சொல்கிறது. பலர் தங்கள் அனைவருக்கும் உரிய பொது எண்ணத்தை நிறைவேற்ற ஒரு குற்றத்தைச் செய்தால், ஒவ்வொருவரும் அதைத் தாமே தனியாகச் செய்ததைப் போலப் பொறுப்பேற்க வேண்டும். 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி, கூட்டுப் பாலியல் வல்லுறவுக்கென்றே 375பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பொது எண்ணத்தோடு செயல்படும் குழுவில் ஒருவர் மட்டுமே ஒரு பெண்ணை வல்லுறவு செய்திருந்தாலும், அக்குழுவினர் ஒவ்வொருவரும் அக்குற்றத்தைப் புரிந்தவராகவே கருதப்படுவர். தண்டனை 10 ஆண்டுக்குக் குறையாத, 30 ஆண்டுக்கு மேற்படாத சிறை.

அப்படியென்றால் அங்கு இருந்த எல்லாரும் சிறைக்குப் போக வேண்டியதுதானா? இல்லை. 'பொது எண்ணம்' என்ற இரண்டு சொற்களில்தான் வழக்கே அடங்கியிருக்கிறது. நம் சட்டம் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றியது. ஆகவே, இச்சொற்களின் பொருளை அறிய இரண்டு பழைய கொலை வழக்குகளை இன்றும் எங்களுக்குக் கற்பிக்கிறார்கள்.

முதலாவது, 1923இல் கல்கத்தாவின் ஓர் அஞ்சலகத்தில் நடந்தது. கொள்ளையடிக்க வந்தவர்கள் சுட்டதில் அஞ்சலக அதிகாரி இறந்தார். தப்பி ஓடும்போது பிடிபட்டவர், தாம் வெளியே முற்றத்தில் பயந்தபடி நின்றதாகவும் சுடவே இல்லை என்றும் வாதிட்டார். இலண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. திட்டத்தின் ஒரு பங்காகக் காத்து நிற்பவரும் அக்குற்றத்தில் பங்கேற்பவரே என்பது அதன் முடிவு.

இரண்டாவது, 1943இல் சிந்து நதிக்கரையில் நாணல் வெட்டியதால் எழுந்த தகராறு. துப்பாக்கியோடு வந்த இருவரில் ஒருவர் சுட்டதில் ஒருவர் இறந்தார். மற்றவர் சுட்டதில் இன்னொருவர் காயமடைந்தார். காயப்படுத்தியவருக்கும் கொலைக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1945இல் பிரிவி கவுன்சில் அந்தக் கொலைத் தீர்ப்பை ரத்து செய்தது. இருவர் மனத்திலும் ஒரே மாதிரியான எண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் அது இருவரும் பகிர்ந்துகொண்ட எண்ணம் என்பது நிரூபிக்கப்பட வேண்டும் என்றது.

இந்த இரு அளவுகோல்களையும் ஓர் அறைக்குள் இருக்கும் நான்கு நண்பர்களிடம் வைத்துப் பார்ப்போம். ஒருவன் பெண்ணைத் தாக்குகிறான். இன்னொருவன் பொய் சொல்லி அவளை அங்கே அழைத்து வந்தவன். மூன்றாமவன் கதவைத் தாழிட்டு, யாரும் வராமல் பார்த்துக்கொள்கிறான். நான்காமவன் நடப்பது தெரியாமல் அடுத்த அறையில் உறங்குகிறான். இரண்டாமவனும் மூன்றாமவனும் அவளைத் தொடவே இல்லை. ஆயினும் நடக்கப்போவதை அறிந்து, அதற்கு உடன்பட்டே அவ்வாறு செய்தார்கள் என்று நிரூபணமானால், முதலாமவனுக்குரிய குற்றமே அவர்கள் மீதும் விழும். நான்காமவன் அதே வீட்டில் இருந்தான் என்பது மட்டும் அவனைக் குற்றவாளியாக்காது.

மனத்துக்குள் இருக்கும் எண்ணத்தை யாரும் நேரில் பார்க்க முடியாது. எனவே நீதிமன்றம் நடத்தையிலிருந்து அதை ஊகிக்கிறது. முன்கூட்டியே பேசிக்கொண்டார்களா, யார் வாகனத்தில் அழைத்து வந்தார், அவள் கூச்சலிட்டபோது யார் என்ன செய்தார், பிறகு யார் மிரட்டினார் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே ஆராய்கிறது. பல நாள் திட்டம் தேவையில்லை; பொது எண்ணம் சம்பவ இடத்திலேயே உருவாகலாம். ஆனால் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி அதை நிரூபிப்பது அரசுத் தரப்பின் கடமை.

இந்தச் சட்டம் ஏன் தேவை? அச்சத்தில் உறைந்துபோன ஒரு பெண்ணால், இருட்டில் யார் கையைப் பிடித்தார், யார் வாயைப் பொத்தினார் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம். அந்தக் குழப்பம் குற்றவாளிகளுக்குக் கேடயமாகிவிடக் கூடாது. அதேவேளை, சமூக ஊடகத்தில் "எல்லாரையும் தூக்கில் போடு" என்று நாம் எழுதும் வேகத்தில் ஒரு நிரபராதியும் சிக்கிவிடக் கூடாது. தீர்ப்பு மேல்முறையீட்டிலும் நிலைக்க வேண்டுமானால், நீதிமன்றம் ஒவ்வொருவரையும் பிரித்து ஆராய்ந்தே ஆக வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் அதுவே பாதுகாப்பு.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அப்போ, நான் அந்த இடத்துல மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்?"

நம் வயதுடைய ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. நண்பர்கள் கேலி செய்வார்களே என்று தயங்காமல், "வேணாம், விடு" என்று உரக்கச் சொல்லுங்கள். தடுக்க முடியாவிட்டால் வெளியேறி உடனே 999ஐ அழையுங்கள். காணொளி எடுக்காதீர்கள், வந்த காணொளியை யாருக்கும் அனுப்பாதீர்கள். பார்த்ததைக் காவல்துறையிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே உதவி செய்துவிட்டு, கடைசி நேரத்தில் நழுவி வெளியே போய்விட்டால் பொறுப்பு தானாகத் தீர்ந்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

சும்மா நின்ற ஒருவனை, ஆதாரம் இல்லாத காரணத்தால் நீதிமன்றம் விடுவிக்கலாம். ஆனால் அந்தப் பெண் உதவிக்குக் கத்தியபோது அவன் அங்கே இருந்தான் என்பது மாறாது. "நான் ஒண்ணும் செய்யலையே" என்பது சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். என் தம்பிக்கு அது போதுமானதாக இருக்கக் கூடாது என்று விரும்புகிறேன்.