முதல் வரி மாறினாற் போதுமா?

இணையப் பக்கத்தின் தொடக்கத்தில் ஆவணவகை அறிவிப்பு என்றொரு வரி அமைதல் வேண்டும். அப்பக்கம் எவ்விலக்கணத்துக்கு அமைய எழுதப்பட்டது என்பதை அறிவிப்பது அவ்வரியே. பழைய பக்கங்களைப் புதிய ஆவணவகைக்கு மாற்றுவோருட் சிலர், அவ்வரியை மாற்றிச் சரிபார்ப்பு மென்பொருள் காட்டும் பிழைகளை எவ்வாறேனும் நீக்கிவிட்டாற் பணி முடிந்தது எனக் கருதுகின்றனர். தமிழைப் பொறுத்தவரை இக்கருத்துத் தவறானது மட்டுமன்று, தீங்கானதுமாகும்.

1999 இல் வெளியான எச்.டி.எம்.எல். 4.01, கண்டிப்பு வகை, இடைக்கால வகை, சட்டக வகை என மூன்று ஆவணவகைகளைக் கொண்டிருந்தது. எழுத்துருவைக் குறிக்கும் குறிச்சொல்லை இடைக்கால வகை அனுமதித்தது; கண்டிப்பு வகை விலக்கியது. 2014 இல் முழுமைபெற்ற எச்.டி.எம்.எல். 5 உம் அதனை ஏற்பதில்லை. ஆகவே வகை மாறியதும் பிழைகள் வரிசையாகத் தோன்றுகின்றன. மூடப்படாத குறிச்சொல், மாற்றுரையில்லாத படம் முதலியவற்றைத் திருத்துதல் எளிது. முதற் பிழையைக் களைந்து மீண்டும் சரிபார்த்தால் அதன் விளைவாக எழுந்த பிற பிழைகள் தாமே மறையும். எழுத்துருக் குறிச்சொல்லோ அவ்வாறு எளிதிற் களையத்தக்கதன்று.

ஈழத்துத் தமிழ்ப் பக்கங்கள் பல நெடுங்காலம் பாமினி எழுத்துருவிலேயே எழுதப்பட்டன. அவற்றிற் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினியில் இருப்பது ஆங்கில எழுத்து. மாத்தளை மாவட்டத்து 'உக்குவளை' என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். பாமினியில் அது சி, எஃப், அரைப்புள்ளி, பெரிய எஃப், டி, ஐ, எஸ் என்னும் ஏழு குறிகளாகவே பதிவாகும். ஈற்று 'ளை'யில் ஐகாரக்குறி ளகரத்துக்கு முன்னரே நிற்கும். ஒருங்குறியிலோ அதே சொல் எட்டுத் தமிழ்க் குறிகளாகும். ஐகாரக்குறி மெய்க்குப் பின்னரே வரும்.

சரிபார்ப்பு மென்பொருள் எழுத்துருக் குறிச்சொல்லைப் பிழை என்றதும், அதனை நீக்கி அதே பாமினிப் பெயரை நடைதாளில் எழுதிவிடுவோர் உளர். பிழைப்பட்டியல் வெறுமையாகின்றது; பக்கமோ முன்போலவே தமிழற்றதாயிருக்கின்றது. அம்மென்பொருள் ஆராய்வது குறிச்சொற்களின் இலக்கணத்தையேயன்றிச் சொல்லின் பொருளையன்று. அதன் நற்சான்றை மொழிக்குரிய நற்சான்றாகக் கொள்வது பேதைமை.

"திரையில் தமிழ் தெரிகின்றதே, வேறென்ன வேண்டும்?" என்பர். எவருடைய திரையில் தெரிகின்றது? அவ்வெழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளின் குவியலே தோன்றும். பார்வையற்றோர்க்கு உரையைப் படித்துக்காட்டும் மென்பொருளும் அக்குவியலையே ஒலிக்கும். பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீரால் இயங்கும் உக்குவளை மின்நிலையம் 1976 இல் தொடங்கப்பெற்றது. அதன் வரலாற்றை அவ்வூர் மாணவன் ஒருவன் தமிழில் தேடுவானாயின், பாமினியில் எழுதிய கட்டுரை எத்துணைச் சிறப்பினதாயினும் அவனுக்குக் கிட்டாது. அவன் தட்டச்சிடும் ஊர்ப்பெயர் அக்கட்டுரையில் இல்லை என்பதே காரணம். மாற்றும் உழைப்பு மிகுதி என்பாரின் கூற்றும் நில்லாது. மாற்றிகள் உள, எஞ்சுவது மெய்ப்புப் பார்க்கும் பணியே. நூல் பதிப்பிப்போர் அதற்கு அஞ்சுவதில்லை.

எனவே செய்யத்தக்கது தெளிவு. முதலில் உரையை ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். பின்னர் எழுத்துக்குறியீடு யூ.டி.எஃப்.-8 எனவும் மொழி தமிழ் எனவும் அறிவித்தல் வேண்டும். அதன்பின்னரே ஆவணவகையை மாற்றிப் பிழைகளைத் திருத்தல் முறை. 1991 ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. இன்றும் தமிழை ஆங்கில எழுத்துக்குள் ஒளித்துவைத்து முதல் வரியை மட்டும் புதுக்குவது, பழஞ்சுவடியைப் படியெடுக்காமல் அதன் கட்டுக்கயிற்றை மட்டும் மாற்றுவதை ஒக்கும். கயிறு புதிதாயிருக்கும், ஏடு செல்லரித்துப்போகும்.