ஒயரிங் வேலைக்கு லைசென்ஸ் கேட்கும் அரசே, எங்கள் பிள்ளைகளைக் காக்க வருபவருக்கு என்ன சான்று?



ஏனாத்தூர் கிளைக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "வீட்டுக்கு ஒயரிங் பண்ண வர்றவருக்கு லைசென்ஸ் இருக்கான்னு பாக்குறோம். மருந்துக் கடையில பார்மசிஸ்ட் சான்றிதழ மாட்டி வெச்சிருக்காங்க. 1098-க்குப் போன் போட்டா ஒருத்தர் வந்து எம் புள்ளைய தனியா கூப்ட்டு விசாரிக்கிறாரே, அவரு என்ன பரீட்சை பாஸ் பண்ணவரு?"

கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை. ஏன்னா, அப்படி ஒரு பரீட்சையே நாட்டில் கிடையாது.

வக்கீலுக்கு பார் கவுன்சில் உண்டு. நர்ஸுக்கு நர்சிங் கவுன்சில் உண்டு. லாரி ஓட்டவும் லைசென்ஸ் வேணும். ஆனா அடிபட்ட குழந்தையிடம், சீரழிக்கப்பட்ட சிறுமியிடம் முதல் கேள்வி கேட்கிற ஆளுக்குப் பதிவேடும் இல்லை, உரிமமும் இல்லை. தப்பு செய்தால் "இனி இந்த வேலைக்கு வராதே" என்று தடுக்க ஒரு கவுன்சிலும் இல்லை.

சரி, ஆள் எடுக்கும் விதத்தையாவது பார்ப்போம். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு சமூகப் பணியாளர் 2 பேர், புறத்தொடர்புப் பணியாளர் 2 பேர். எல்லாம் ஒப்பந்த வேலை. சமூகப் பணியாளருக்குத் தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய். புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய், படிப்பு பிளஸ் டூ போதும். நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில் 5 வட்டம், 274 ஊராட்சி. நாலு பேர் எத்தனை ஊருக்குத்தான் ஓடுவாங்க?

செலவில் 60 பங்கு டெல்லி, 40 பங்கு மாநிலம். கேட்டால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். நடுவில் நிற்பது பத்து வயசுப் பிள்ளை.

இதில் என்ன குடி முழுகிப் போச்சு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தணும் என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டம். அந்தக் குழு உறுப்பினருக்குத் துறை அனுபவமும் படிப்பும் சட்டமே கேட்குது. நல்லது. ஆனா குழு முடிவெடுக்க நம்பி இருப்பது களப் பணியாளர் எழுதும் விசாரணை அறிக்கையை. அதில் கோட்டை விட்டால், அடித்தவன் வீட்டுக்கே பிள்ளை திரும்பிப் போகும். இல்லேன்னா, ஏழை என்ற ஒரே காரணத்துக்காகத் தாயிடமிருந்து பிரித்துக் காப்பகத்தில் போட்டுருவாங்க. ரெண்டுமே கொடுமை.

கற்பனையாகப் பேசவில்லை தோழர்களே. 2022 டிசம்பர் 31. செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லம். பேட்டரி திருடியதாகப் பிடித்து வரப்பட்ட 17 வயசுப் பையன், வந்த சில நாளில் பிணமானான். உடம்பெல்லாம் காயம். கண்காணிப்பாளர் உள்பட 6 ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அது அரசு இல்லம். அவர்கள் அரசு சம்பளம் வாங்கியவர்கள். அப்புறம் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள், அறிக்கையும் வந்தது. குழு போடுவதில் நம்ம அரசுகளை அடிச்சுக்க ஆளில்லை!

பெரியவர்கள் கதை மட்டும் என்ன வாழுது? உத்திரமேரூர் பக்கத்தில் பாலேஸ்வரம் கருணை இல்லத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 பிப்ரவரியில் உயிரோடு இருந்த முதியவர்களையும் ஒரு சடலத்தையும் ஒரே வண்டியில் ஏற்றிப் போனதை மக்கள் பார்த்துத் தடுத்தார்கள். அதுக்கப்புறம்தான் அதிகாரிகள் படையெடுத்து வந்தார்கள், அங்கிருந்தவர்களை வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள். மக்கள் கண்ணில் படும்வரை, உள்ளே இருந்த ஒவ்வொரு முதியவரையும் உட்கார்ந்து விசாரிக்க வேண்டிய பயிற்சி பெற்ற ஆள் எங்கே? 2007-லேயே மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தாச்சு. புகார் கொடுக்கத் தீர்ப்பாயம் இருக்கு, உதவிக்கு 14567 எண் இருக்கு. படுக்கையில் கிடக்கும் கிழவியின் வீட்டுக் கதவைத் தட்டத் தகுதியான ஆள்தான் இல்லை.

வெள்ளைக்காரன் நாட்டிலும் ஒரு குழந்தை செத்த பிறகுதான் கண் திறந்தது. லண்டனில் 2000-ல் விக்டோரியா கிளிம்பி என்ற 8 வயசுச் சிறுமி, வளர்த்தவர்களாலேயே சித்திரவதை செய்யப்பட்டு இறந்தாள். பலமுறை அதிகாரிகள் பார்வைக்கு வந்தும் காப்பாற்ற முடியவில்லை. இங்கிலாந்தில் 2005 முதல், பதிவு இல்லாதவர் தன்னை 'சமூகப் பணியாளர்' என்று சொல்லிக்கொள்வதே குற்றம்.

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம உத்திரமேரூர் கல்வெட்டைப் பாருங்க. 1,100 வருஷத்துக்கு முன், பராந்தகச் சோழன் காலத்தில், ஊர் வாரியத்தில் உட்காரத் தகுதி என்ன என்று கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். நிலமும் வேதமும் கேட்ட அந்தத் தகுதியை நாம் ஏற்கவில்லை, அது மேல்தட்டுக்கான சபை. ஆனா கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்ற விதியும் அதே சுவரில் இருக்கு. தலைவர்கள் மேடைக்கு மேடை குடவோலைப் பெருமை பேசுகிறார்கள். ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொறுப்பானவருக்கு அன்றைக்கே தகுதி வைத்த மண்ணில், குழந்தைக்குப் பொறுப்பானவருக்குத் தகுதிச் சான்று கேட்டால் காது கேட்காது!

இங்கே ஒரு நியாயமான பயமும் இருக்கு. "சான்றிதழ்னு சொன்னா இன்னொரு நீட் வந்துரும். கோச்சிங் சென்டர்காரன் கொழிப்பான், கிராமத்துப் பிள்ளைக்கு இந்த வேலையும் போயிடும்." சரியான பயம். அதனாலதான் தெளிவாகச் சொல்கிறோம்: டெல்லி நடத்தும் ஒற்றைத் தேர்வு வேண்டாம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் இருந்து கொத்தடிமைகளாகக் கிடந்த 42 பேரை மீட்டார்களே, அங்கே இருந்த இருளர் குழந்தையிடம் பேச எந்தக் கோச்சிங் சென்டர் சொல்லித் தரும்? அந்தச் சமூகத்துப் பிள்ளையே பயிற்சி பெற்று இந்த வேலைக்கு வரணும். அதுக்கு வழி செய்யும் சான்றிதழ்தான் நாம் கேட்பது.

இப்போ வேலை பார்ப்பவர்கள் நம் எதிரிகள் அல்ல. 10,592 ரூபாயில் ஊர் ஊராக அலையும் அந்தத் தங்கச்சிகள் பலர், கைக்காசில் பஸ் ஏறி, பிள்ளைக்கு டிபன் வாங்கிக் கொடுப்பவர்கள். பயிற்சியும் தராமல், நிரந்தரமும் ஆக்காமல், ஏதாவது நடந்தால் மட்டும் அவர்களைப் பலி கொடுக்கும் அரசுகளைத்தான் கேட்கிறோம்.

நம் கோரிக்கைகள்:

1. குழந்தை, முதியோர் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு மாநிலப் பதிவு கவுன்சில். சட்டசபையில் சட்டமாகவே கொண்டு வா!

2. தமிழில், இலவசமாக, மாவட்டந்தோறும் அரசுப் பயிற்சி. எழுத்துத் தேர்வு மட்டும் போதாது, மேற்பார்வையோடு களப் பயிற்சியும் வேண்டும்.

3. இப்போது பணியில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி. அனுபவத்துக்கு மதிப்பு. ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

4. சான்று பெற்றவருக்கு நிரந்தரப் பணி, காலமுறை ஊதியம்.

5. ஒன்றியத்துக்கு ஒரு சான்று பெற்ற பணியாளராவது உடனடியாக வேண்டும்.

6. குழந்தை மேல் கை வைத்தவரின் பதிவு ரத்து. வேறு மாவட்டத்தில் போய் மறுபடி வேலைக்குச் சேரும் வழியை அடை!

ஏனாத்தூர் அம்மா கேட்ட கேள்வியை ஒவ்வொரு கிராம சபையிலும் கேளுங்க. தீர்மானமாகப் போடச் சொல்லுங்க. போட மறுத்தால் வீடியோ எடுத்து இங்கே பகிருங்க தோழர்களே.

பிள்ளையைக் காக்க வருபவரே, உங்கள் சான்று எங்கே? அதைத் தராத அரசே, உன் பதில் எங்கே?

#பிள்ளைகளுக்குத்_தகுதியான_காவல்
#சான்றும்_வேண்டும்_நிரந்தரமும்_வேண்டும்